ஹாலந்துக் கிழவரின் உயரம்

கலி முற்ற முற்ற மனிதன் குள்ளமாகிக்கொண்டே போவான், கடைசியில் கத்தரிக்காய் பறிப்பதற்கும் ஏணி வைத்து ஏற வேண்டியிருக்கும் என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லிவந்ததை வெறும் வேடிக்கைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. முன்னோர் எல்லாரும் ஆஜானுபாகுக்கள், நாம் அவர்களுடைய தேய்ந்த நிழல்கள் என்ற நம்பிக்கை பல தேசங்களிலும் பல காலங்களிலும் வேரோடியிருந்த ஒன்று. அந்த நம்பிக்கைக்கு நேர்மாறான காட்சியைக் கண்ணெதிரே நிறுத்தும் தேசம் நெதர்லாந்து. நாம் நெடுநாளாகப் பழகிய பெயரால் சொன்னால், ஹாலந்து. 2010ஆம் ஆண்டு வாக்கில் அந்நாட்டு ரயில் நிலையம் ஒன்றில் எண்பது பிராயத்துப் பெரியவர் ஒருவரும் முப்பது பிராயத்துப் பேரன் ஒருவனும் அருகருகே நின்றிருந்தால், பாட்டனாரின் உச்சந்தலை பெரும்பாலும் பேரனின் கண் மட்டத்துக்குத்தான் வந்திருக்கும். பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? வயதாகிவிட்டது, கூன் விழுந்து குறுகிவிட்டார் என்பார்கள். அந்தப் பதிலில் பாதிக்கும் குறைவான உண்மையே இருக்கிறது என்பதும், மீதி உண்மை அந்தப் பெரியவரின் முதுகெலும்பில் இல்லாமல் அந்த தேசத்தின் சரித்திரத்தில் புதைந்து கிடக்கிறது என்பதும்தான் இங்கே விஸ்தரிக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

இறந்துபோனவர்களின் உயரத்தை நாம் எப்படி அறிவது? பழைய வீடுகளின் தாழ்ந்த நிலைப்படியைக் காட்டுவார்கள் சிலர். ஹாலந்தின் பழங்காலப் பண்ணை வீடுகளில் சுவருக்குள் அலமாரி போல் பதித்த குட்டையான பெட்டிக் கட்டில்களைக் காட்டி, இதற்குள் நீட்டிப் படுத்தவர்கள் எவ்வளவு சிறியவர்களாக இருந்திருக்க வேண்டும் என்று வியப்பவர்களும் உண்டு. ஆனால் அக்காலத்தவர் தலையணைகளை அடுக்கி, பாதி உட்கார்ந்தபடி சாய்ந்து உறங்கினார்கள் என்றும் சொல்லப்படுவதால் கட்டிலின் சாட்சியம் அவ்வளவு நம்பத்தக்கதன்று. நிலைப்படியோ மரத்தின் விலையையும் குளிர்காற்றையும் கணக்கிட்டுத் தாழ்த்தப்பட்டிருக்கலாம். மெய்யான சாட்சி வேறோர் இடத்தில், யாரும் ரசித்துப் படிக்காத ராணுவக் குமாஸ்தாக்களின் பேரேடுகளில் இருக்கிறது.

நெப்போலியன் 1810இல் ஹாலந்தைத் தன் சாம்ராஜ்யத்தோடு சேர்த்துக்கொண்டதும், அடுத்த ஆண்டே அங்கே கட்டாய ராணுவச் சேவை வந்து சேர்ந்தது. பத்தொன்பது இருபது பிராயத்து இளைஞர்கள் ஒவ்வொருவரும் பெயரைப் பதிந்து, சீட்டுக் குலுக்கலில் எண் எடுத்து, எண் வாய்ப்பாக விழாதவர்கள் அளவுகோலின் கீழ்ப் போய் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு, நெப்போலியன் தொலைந்த பிறகும் தொலையாமல் சுதேச அரசரின் ஆட்சியிலும் நிலைத்துவிட்டது. அந்தப் படைப்பிரிவுப் பேரேடுகளைத் திறந்தால் ஒவ்வோர் ஏழைக் குடியானவனுக்கும் ஒரு சித்திரம் கிடைக்கிறது: முகம், நெற்றி, கண், மூக்கு, வாய், மோவாய், தலைமயிர், புருவம், உடம்பிலுள்ள தழும்புகள், இவற்றோடு உயரம். புகைப்படம் பரவாத காலத்தில், ஓடிப்போனவனை அடையாளம் கண்டுபிடிப்பதற்காக எழுதிவைத்த குறிப்புகள் இவை. ஓவியர்கள் செல்வர்களையே வரைந்துகொண்டிருக்க, கூலிக்காரனின் மூக்கையும் மோவாயையும் எழுதிவைத்தவன் குமாஸ்தா ஒருவன்தான் என்பதை நினைக்கும்போது அந்த உலர்ந்த பேரேடுகளின்மேல் ஒரு மரியாதையே உண்டாகிறது.

உயரத்தை அவர்கள் எழுதிய முறையும் நமக்கு விநோதமாகத் தோன்றாது. 1820 முதல் அந்நாட்டில் மீட்டர் அளவை சட்டமாக நடைமுறைக்கு வந்தபோது, ஜனங்கள் மிரளாமல் இருக்கவேண்டிப் புது அளவுகளுக்குப் பழைய பெயர்களையே சூட்டினார்கள். மீட்டருக்கு ‘எல்’ என்று பெயர். அது முன்னாளில் நம் முழத்தைப் போல் கையைக்கொண்டு அளந்த துணிக்கடை அளவு. அதன் பத்தில் ஒரு பங்கு உள்ளங்கை, நூறில் ஒரு பங்கு கட்டைவிரல், ஆயிரத்தில் ஒரு பங்கு கோடு. ஆகவே ‘ஓர் எல், ஆறு உள்ளங்கை, நான்கு கட்டைவிரல், இரண்டு கோடு’ என்று ஒரு நெசவாளியின் உயரம் எழுதப்பட்டிருந்தால் அது இன்றைய கணக்கில் 164.2 சென்டிமீட்டர். மில்லிமீட்டர் வரைக்கும் அளந்து எழுதிய இந்தச் சிரத்தை சுமார் ஐம்பது ஆண்டுக்காலம் அந்தப் பெயர்களிலேயே நடந்தது.

சிரத்தையாக அளந்தார்கள் என்பதற்காக எல்லாம் சத்தியம் என்று கொள்ள வேண்டியதில்லை. படையில் சேர ஒரு குறைந்தபட்ச உயரம் வேண்டும் என்று விதியிருந்தால், சேர விரும்பாதவன் அளவுகோலின் கீழ் முழங்காலைச் சற்றே மடக்கிக்கொள்வது மனித சுபாவம். இதைக் கையும் களவுமாகப் பிடித்தவர் போலீஸ்காரர் அல்லர். கெண்ட் நகரில் பிறந்த கணித நிபுணர் அடோல்ஃப் கெட்லே. ஒரு லட்சம் பிரெஞ்சு இளைஞர்களின் உயர அட்டவணையை அவர் எடுத்து, சராசரியைச் சுற்றி மணி போல் கவியும் கோட்டின்படி ஒவ்வோர் உயரத்திலும் எத்தனை பேர் இருக்கவேண்டும் என்று கணக்கிட்டுப் பார்த்தார். விதித்த எல்லையான 157 சென்டிமீட்டருக்குக் கீழே கணக்குக்கு மேல் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் அதிகமாக இருந்தார்கள்; அந்த எல்லைக்குச் சற்று மேலே ஏறக்குறைய அதே தொகை குறைந்திருந்தது. ஒருவரையும் நேரில் பாராமல், பெயரும் தெரியாமல், இத்தனை பேர் குறுகி நின்று ஏமாற்றினார்கள் என்று 1846இல் அவர் எழுதிய நூல் சொல்கிறது. பணமுள்ளவன் ஹாலந்தில் முழங்காலை மடக்க வேண்டிய அவசியமே இல்லை; கூலி கொடுத்துத் தனக்குப் பதிலாக வேறொருவனை அனுப்பிவிடலாம். 1898 வரையில் அது சட்டத்துக்கு உட்பட்ட வியாபாரம்.

இந்தப் பேரேடுகள் சொல்லும் கதை நேராக ஏறும் படிக்கட்டு அன்று. நெப்போலியன் காலத்துப் பதிவுகளை ஆராய்ந்து பிரெஞ்சு மருத்துவர் வில்லெர்மே 1829இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சாம்ராஜ்யத்தின் செழிப்பான பகுதிகளில் ஒன்றான ஹேக் நகரைச் சூழ்ந்த ஜில்லாவில் படைக்கு வந்த இளைஞர்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 168 சென்டிமீட்டர். வறுமையில் உழன்ற அப்பினைன் மலைப்பகுதியில் 156. மண்ணும் காற்றும் ஜாதியும்தான் மனிதனின் ஆகிருதியை நிர்ணயிக்கின்றன என்று பண்டிதர்கள் சாதித்துக்கொண்டிருந்த காலத்தில், வயிறார உண்பதும் நல்ல வீட்டில் வசிப்பதும் பிள்ளைப்பருவத்தில் முதுகொடிய உழைக்காதிருப்பதுமே மனிதனை உயரச் செய்கின்றன என்று அவர் துணிந்து கூறினார். அவர் கூற்றுக்குச் சிறந்த உதாரணமாக நின்ற ஹாலந்து, அடுத்த தலைமுறையிலேயே அதே கூற்றுக்கு எதிர்ப்பக்கத்து உதாரணமாகவும் ஆயிற்று என்பது சரித்திரத்தின் குறும்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நாட்டு இளைஞர்களின் உயரம் தாழ்ந்தது. வர்த்தகம் சோர்ந்திருந்தது, ரொட்டிக்கு அரைக்கும் தானியத்தின்மேல் வரி விதிக்கப்பட்டிருந்தபடியால் ஏழைகள் ரொட்டியை விட்டு உருளைக்கிழங்கையே பிரதான ஆகாரமாகப் பற்றிக்கொண்டார்கள், 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் அழுகல் நோய் விழுந்தபோது அந்தக் கிழங்கும் போயிற்று. அயர்லாந்தின் பஞ்சத்தை உலகம் அறியும். அதே நோய் அதே ஆண்டில் ஹாலந்தின் வயல்களையும் கருக்கியதை அவ்வளவாக யாரும் நினைப்பதில்லை. நூற்றாண்டின் நடுவில் படைச் சோதனைக்கு வந்தவர்களில் நால்வரில் ஒருவர் 157 சென்டிமீட்டர், அதாவது 5 அடி 2 அங்குலம் கூட இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சராசரி 165 சென்டிமீட்டரை ஒட்டி நின்றது. அதற்கு எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்னே சுதந்திரப் போரில் சண்டையிட்ட அமெரிக்கச் சிப்பாய்களின் சராசரி சுமார் 173 என்பதோடு ஒப்பிட்டால், ஹாலந்துக்காரர்களை உலகத்திலேயே உயர்ந்தவர்கள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பட்டினியில் வளர்ந்த பிள்ளை மெதுவாக வளர்கிறான். பத்தொன்பதில் நின்றுவிட வேண்டிய வளர்ச்சி அவனுக்கு இருபத்திரண்டு இருபத்துமூன்று வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும். ஆதலால் பேரேட்டில் 163 என்று எழுதப்பட்டவன் தன் கல்யாண நாளில் இரண்டொரு சென்டிமீட்டர் கூடுதலாகவே இருந்திருப்பான். பழைய சராசரிகளை வாசிக்கும்போது இந்தச் சிறு கூட்டலை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்றம் 1860களுக்குப் பிறகு தொடங்கியது. அதற்கு ஏககாரணம் தேடினால் கிடைக்காது. ரொட்டி வரி 1855இல் ஒழிந்தது. ஆம்ஸ்டர்டாமுக்குக் கடற்கரை மணல்மேடுகளிலிருந்து குழாய்வழியே நல்ல தண்ணீர் 1853இல் வந்து சேர்ந்தது. அதுவரையில் அந்த நகரத்து ஏழைகள் குடித்துவந்த நீர் எத்தகையது என்பதை எழுதாமல் விடுவதே நாகரிகம். பன்னிரண்டு பிராயத்துக்குட்பட்ட பிள்ளைகளைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கலாகாது என்று 1874இல் ஒரு சட்டம் வந்தது. 1901இல் வீட்டு வசதிச் சட்டம். அதே ஆண்டில் ஹேக் நகரில் பிளாண்டெங்கா என்ற மருத்துவர் கைக்குழந்தைகளுக்கான ஆலோசனை நிலையம் ஒன்றைத் திறந்தார். நோயில்லாத குழந்தையையும் எடுத்துக்கொண்டு தாய்மார்கள் வைத்தியரிடம் வந்து நிறுத்துப் பார்த்துப் போகும் வழக்கம் அங்கே இப்படித்தான் வேர்விட்டது. நூற்றாண்டு முழுவதும் அது நாடெங்கும் பரவி, எடையும் நீளமும் குறிக்கப்படாமல் வளர்ந்த குழந்தையே இல்லை என்னும் நிலை உண்டாயிற்று. முன்னே ராணுவத்துக்காக மனிதனை அளந்த தேசம், பின்னே குழந்தைக்காகவே குழந்தையை அளக்கத் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

பாலைப் பற்றிச் சொல்லாமல் ஹாலந்தைப் பற்றிப் பேச முடியாது. 1930களின் வியாபார மந்தத்தில் விற்காமல் தேங்கிய பாலைப் பள்ளிக்கூடங்களில் கொடுக்கும் ஏற்பாடு தொடங்கியது. ஐம்பதுகளின் இறுதியில், தினம் மூன்று குவளை பால் குடிப்பதாக வாக்களிக்கும் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு பால் படையே அமைத்தார்கள். அந்நாட்டார் உயர்ந்ததற்குப் பாலே காரணம் என்று ஜனங்கள் சொல்வதுண்டு. பால் வியாபாரிகள் மறுக்க மாட்டார்கள். உயரம் ஏறத் தொடங்கி இரண்டு மூன்று தலைமுறைகள் கழித்தே பள்ளிக்கூடத்துக்குப் பால் வந்தது என்பதை நினைக்கும்போது, பாலுக்கு அதன் பங்கைக் கொடுத்துவிட்டு, சாக்கடைக்கும் தடுப்பூசிக்கும் குறைந்துபோன குடும்ப எண்ணிக்கைக்கும் அவற்றின் பங்கையும் கொடுப்பதே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் ரயில் நிலையத்துப் பெரியவரை இப்போது இந்தச் சரித்திரத்துக்குள் நிறுத்திப் பார்ப்போம். 2010இல் எண்பது பிராயம் என்றால் அவர் 1930இல் பிறந்தவர். மந்தக் காலத்தில் குழந்தை. பத்து வயதில் ஜெர்மானியர் ஆக்கிரமிப்பு. உடம்பு வேகமாக நெடுக வேண்டிய பதினான்காம் வயதில், 1944-45 பசிக் குளிர்காலம். மேற்கு மாகாணங்களின் நகரங்களில் ரேஷன் உணவு நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் கீழே இறங்கி, ஜனங்கள் சர்க்கரைக் கிழங்கையும் டூலிப் பூவின் கிழங்கையும் வேகவைத்துத் தின்று உயிர் தாங்கிய அந்த மாதங்களில் இருபதாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். இத்தனையும் தாண்டி அவர் தலைமுறை பத்தொன்பது வயதை எட்டியபோது அதன் சராசரி உயரம் 175.6 சென்டிமீட்டர், அதாவது 5 அடி 9 அங்குலம். பேரன் 1980இல் பிறந்தவன். அவன் தலைமுறையின் சராசரி 183.9, ஆறடிக்கும் சற்று மேல். இரண்டுக்கும் வித்தியாசம் 8.3 சென்டிமீட்டர். பாட்டனார் தம் யௌவனத்தில், ஒரு மயிரிழையும் கூன் விழாமல் நிமிர்ந்து நின்றிருந்தாலும் பேரனுக்கு இவ்வளவு குறைந்தே இருந்திருப்பார். இது வயதின் குற்றமன்று; பிறந்த ஆண்டின் கணக்கு.

வயதின் கணக்கு தனி. மனிதனின் முதுகெலும்பில் எலும்புக்கும் எலும்புக்கும் இடையே 23 வட்டத் தட்டுகள், நீர் நிறைந்த மெத்தைகளைப் போல், அமைந்திருக்கின்றன; முதுகுத் தண்டின் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு இவற்றுடையது. பகல் முழுவதும் உடம்பின் பாரம் அழுத்த அழுத்த அவற்றிலிருந்து நீர் கசிந்து, மாலைக்குள் மனிதன் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைந்துவிடுகிறான்; இரவில் படுத்து உறங்கியதும் திரும்பப் பெறுகிறான். காலை உயரம் வேறு, மாலை உயரம் வேறு என்பதை இங்கிலாந்தில் வாஸ் என்ற பாதிரியார் 1724இலேயே ராயல் சொஸைட்டிக்குக் கடிதமாக எழுதினார். விருத்தாப்பியம் என்பது திரும்பப் பெறாத மாலை. தட்டுகள் வறண்டு மெலிகின்றன. எலும்பு தளர்ந்தவர்களுக்கு முதுகெலும்புகளே முன்பக்கம் ஆப்பு போல் நசுங்குகின்றன. தசை தளர்ந்து முதுகு வளைகிறது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1958இல் தொடங்கி, ஒரே மனிதர்களையே ஆண்டுக்கணக்காகத் திரும்பத் திரும்ப அளந்து வரும் ஆராய்ச்சி சொல்வது: முப்பது வயதிலிருந்து எழுபதுக்குள் ஆண்கள் சராசரியாக 3 சென்டிமீட்டர் இழக்கிறார்கள்; எண்பதுக்குள் 5. பெண்களுக்கு இழப்பு இதனினும் அதிகம்.

ஆக, நம் பெரியவருக்கு 175.6இலிருந்து ஐந்தைக் கழித்தால் 170.6, சுமார் 5 அடி 7 அங்குலம். பேரனுக்கும் அவருக்கும் நேரும் 13 சென்டிமீட்டர் இடைவெளியில் எட்டுக்குக் காலமும் ஐந்துக்கு முதுகும் பொறுப்பு. சராசரியைச் சொன்னால் போதாது, வீச்சையும் சொல்ல வேண்டும்: ஒரே வயதுடைய ஆண்களின் உயரம் சராசரியிலிருந்து இருபுறமும் ஏழு சென்டிமீட்டருக்குள் மூன்றில் இரண்டு பங்கினரை அடக்கிவிடும், பதினான்குக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரை. இதன்படி அந்தத் தலைமுறையில் எண்பது பிராயத்தவர் பெரும்பாலோர் 164க்கும் 178க்கும் இடையிலும், ஏறக்குறைய எல்லோரும் 157க்கும் 185க்கும் இடையிலும் நிற்பார்கள். கீழ் எல்லை, பழைய படைச் சோதனையில் நால்வரில் ஒருவரைத் திருப்பி அனுப்பிய அதே 157 ஆக வந்து விழுவது தற்செயல்தான் என்றாலும் கவனிக்கத்தக்கது: அந்நாள் இருபது வயது வாலிபரில் கால் பங்கினர் எட்டாத உயரத்தை 2010இன் கிழவர்களில் மிகச் சிலரே எட்டாமல் இருந்தார்கள்.

இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டவர்களில் கெட்லேயும் ஒருவர். பல வயதினரை ஒரே காலத்தில் அளந்து, ஐம்பதுக்குப் பின் மனிதன் ஆறு ஏழு சென்டிமீட்டர் குறைகிறான் என்று அவர் கண்டார். அவர் காலத்தில் தலைமுறைக்குத் தலைமுறை உயரம் அவ்வளவாக மாறாதிருந்தபடியால் பிழை சிறிதாக அமைந்தது. அதே முறையை 2010இல் ஹாலந்தில் கையாண்டிருந்தால் வயது மனிதனைப் பதின்மூன்று சென்டிமீட்டர் தின்றுவிடுகிறது என்ற அபத்தமான முடிவுக்கு வந்திருப்பார். பெரியவர்களைக் கேட்டறிவதும் உபயோகமில்லை. எழுபது வயதுக்காரரிடம் உயரம் கேட்டால் அவர் சொல்வது ராணுவச் சோதனையில் எழுதப்பட்ட இருபது வயது உயரத்தைத்தான். அதைப் பொய் என்று சொல்ல மனம் வராது, பழைய பாக்கி என்று சொல்லலாம்.

அளக்கவும் முடியாதபடி வளைந்துபோன முதியவர்களுக்கு மருத்துவர்கள் ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். கை கால்களின் நீண்ட எலும்புகள் முதுமையில் குறைவதில்லை. ஆகவே இரு கைகளையும் விரித்து நுனிக்கு நுனி அளந்தோ, குதிகாலிலிருந்து முழங்கால் வரை அளந்து ஒரு சூத்திரத்தில் இட்டோ, யௌவனத்தில் இருந்த உயரத்தைக் கணிக்கிறார்கள். எண்சாண் உடம்பு என்று நாம் சொல்லும்போது அவரவர் கையால் அவரவர்க்கு எட்டுச் சாண் என்றுதானே பொருள். சாண் குறையாமல் உடம்பு மட்டும் குறைகிற அந்தப் பிராயத்தில் மனிதன் தன் கையாலேயே எட்டுக்குக் கால் சாண் குறைந்தவனாகிறான்.

ஹாலந்து 1955 முதல் தன் பிள்ளைகளின் வளர்ச்சியை நாடளாவ அளந்து வந்திருக்கிறது. பின்னர் 1965, 1980, 1997, 2009. இந்த அளவைகளைக்கொண்டும் பழைய படைப் பேரேடுகளைக்கொண்டும் தலைமுறைகளின் ஏற்றத்தை விரிவாக எழுதியவர்களில் வான் வீரிங்கன் என்ற மருத்துவர் முக்கியமானவர். கட்டாய ராணுவ அழைப்பு 1997இல் நிறுத்தப்பட்டதோடு பேரேடுகளின் நெடுங்கதையும் ஏறக்குறைய முடிந்தது. 2003ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் புது வீடுகளுக்குக் கூரை உயரத்தை 2.40 மீட்டரிலிருந்து 2.60 ஆகவும், கதவின் உயரத்தை 2.10இலிருந்து 2.30 ஆகவும் உயர்த்தின. நெடிய மக்களுக்கென்று தேசமே நிலைப்படியைத் தூக்கிக் கட்டத் தொடங்கிய அந்தத் தருணத்தில்தான் ஏற்றமும் நின்றுபோனது. 1997இல் இளைஞர்களின் சராசரி 184.0, 2009இல் 183.8. 2001இல் பிறந்தவர்களின் சராசரியை அரசாங்கப் புள்ளிவிவர நிலையம் 2021இல் வெளியிட்டபோது அது 182.9 என்று வந்தது, 1980இல் பிறந்தவர்களைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவு. உயரம் குறைந்த நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள் இந்தக் கணக்கில் சேர்ந்ததும் ஒரு காரணம். ஆனால் பரம்பரையாக அந்நாட்டிலேயே இருந்துவரும் குடும்பங்களிலும் ஆண்களின் உயரம் ஏறவில்லை. மனித உடம்பு தன் எல்லையைத் தொட்டுவிட்டதா, பிள்ளைகள் உண்ணும் ஆகாரம் கெட்டதா என்று அங்கே விவாதம் நடக்கிறது. கத்தரிக்காய்க்கு ஏணி தேடும் நாள் இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறது.

1980இல் பிறந்த அந்தப் பேரன் 2050இல் எழுபது வயதுக் கிழவனாக அதே ரயில் நிலையத்தில் நிற்பான். மூன்று சென்டிமீட்டரை முதுகு வாங்கிக்கொண்ட பிறகும் அவன் தலைமுறையின் சராசரி 181 இருக்கும். இளைஞர்களின் உயரம் இன்றிருக்கும் அளவிலேயே நின்றிருந்தால், அவன் பக்கத்தில் நிற்கப்போகும் பேரன் அவனைவிட இரண்டு சென்டிமீட்டர்தான் ஓங்கியிருப்பான்.